33 இன்ச் டயருக்கு எந்த கியர்? நம்பரை கடைசியா முடிவு பண்ணுங்க

கேள்வி இதுதான்: 1999 ஜீப் ரேங்லர் டிஜே, 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர், ஏஎக்ஸ்15 அஞ்சு ஸ்பீட் மேனுவல், கம்பெனியில வந்த 3.07 கியர் (அதாவது வீல் ஒரு சுத்து சுத்த ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.07 சுத்து சுத்தணும்), முன் ஆக்ஸில் டானா 30, பின் ஆக்ஸில் டானா 35. லிஃப்ட் போட்டு வண்டியை உயர்த்தி 33 இன்ச் டயர் மாட்டியாச்சு, இப்ப ஹைவேல அஞ்சாவது கியர் சும்மா பேருக்குத்தான் இருக்கு, பாறை ஏறும்போது கிளட்ச் நாறுது. 4.10 போடலாமா, 4.56 போடலாமா, 4.88 போடலாமா, ரீபில்ட் கிட் எது வாங்கணும்?

நேரடியா சொல்லிடறேன். உங்க இன்ஜின், உங்க கியர்பாக்ஸ், 33 இன்ச் டயர், இதுக்கு 4.56 தான். ஆனா அந்த 4.56-ஐ டானா 35-ல போட்டு காசை கரைக்காதீங்க. எல்லாரும் கியர் நம்பர்ல ஆரம்பிச்சு ஆக்ஸில்ல வந்து முடிக்கறாங்க, அது தலைகீழ். முதல்ல இந்த ஆக்ஸில் செலவு பண்ண தகுதியா இருக்கான்னு பாக்கணும், அப்புறம் கேரியர் (ஆக்ஸிலுக்குள்ள பெரிய பல் சக்கரத்தை தாங்கற கூடு) எந்த சீரிஸ்னு பாக்கணும், அப்புறம் டாப் கியர் என்னன்னு பாக்கணும், நம்பர் அதுக்கெல்லாம் அப்புறம் தானா வந்து உக்காரும்.

இருந்தாலும் கேட்டது நம்பர், அதனால கணக்கை முதல்ல போட்டுடறேன். மைல் வேகத்தை ஆக்ஸில் ரேஷியோவால பெருக்கி, டாப் கியர் ரேஷியோவால பெருக்கி, 336-ஆல பெருக்கி, டயர் உயரத்தால (இன்ச்ல) வகுத்தா இன்ஜின் ஆர்பிஎம் வந்துடும். கிலோமீட்டர்ல போடணும்னா 336-க்கு பதிலா 209. ஏஎக்ஸ்15-ல அஞ்சாவது கியர் 0.79. கம்பெனி டயர் சுமாரா 28 இன்ச். அப்ப 65 மைல் வேகத்துல 3.07 கியரோட இன்ஜின் கிட்டத்தட்ட 1890-ல ஓடிட்டிருந்திருக்கும், அதுவே கொஞ்சம் சோம்பல்தான், மைலேஜுக்காக வெச்ச கியர் அது. அதே கியர்ல 33 போட்டதும் 1600-க்கு இறங்கிடுச்சு. அதாவது உங்க 3.07 இப்ப 2.60 மாதிரி வேலை செய்யுது. 4.0 இன்ஜினுக்கு டார்க் நல்லா வர்றது 3000 பக்கத்துல, 1600-ல காத்தை தள்ளிக்கிட்டு மேடு ஏறுன்னா அது எங்க ஏறும்? அஞ்சாவது எடுக்காததுக்கு இன்ஜின்ல எந்த கோளாறும் இல்ல, டியூன் பண்றேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.

33-ல 4.10 போட்டா 2140, 4.56 போட்டா 2380, 4.88 போட்டா 2550. பழைய 28 இன்ச் டயர் கணக்குல சொன்னா 4.10-ங்கறது 3.48 மாதிரி, 4.56-ங்கறது 3.87 மாதிரி. கம்பெனியே இதே ஜீப்புக்கு 3.73-ம் குடுத்துச்சு, அதோட ஒப்பிட்டா 4.56 துளி அதிகம். லிஃப்ட், பெரிய டயரோட எடை, ஸ்டீல் பம்பர், வின்ச், இதெல்லாம் சேந்த வண்டிக்கு அந்த துளி கூடுதல் தேவை. நிறைய பேர் “புது டயர் வகுத்தல் பழைய டயர் பெருக்கல் பழைய கியர்”னு கணக்கு போட்டு 3.07 × 33 ÷ 28 = 3.62, அதனால 3.73 போதும்னு வந்து நிப்பாங்க. அந்தக் கணக்கு உங்கள பழைய சோம்பல் வண்டிக்குத்தான் திருப்பி கூட்டிட்டுப் போகும், அதுவும் எடை கூடாத வண்டிக்கு. ஆரம்ப கியர் நல்லா இருந்தா மட்டும்தான் அந்த சூத்திரம் உதவும்.

இன்னொண்ணு, பக்கத்து வீட்டுக்காரர் 33-க்கு 4.88 போட்டாருன்னு நீங்களும் போடக்கூடாது, அவர் கியர்பாக்ஸ் என்னன்னு கேக்கணும். 2003-ல இருந்து 2006 வரைக்கும் டிஜேல வந்த 42ஆர்எல்இ ஆட்டோமேட்டிக்ல ஓவர்டிரைவ் (இன்ஜினை விட வேகமா சுத்தற டாப் கியர்) 0.69, அதுல 33-ஓட 4.56 போட்டா 65 மைல்ல 2080 தான் வரும், அதனால அந்த வண்டிக்கு 4.88 சரி. அதுக்கு முன்னாடி வந்த 32ஆர்எச் மூணு ஸ்பீட் ஆட்டோல ஓவர்டிரைவே கிடையாது, டாப் 1.00, அதுல 4.56 போட்டா 3000-ஐ தாண்டி கத்தும், 4.10 போட்டாலே 2700. ஒரே வண்டி, ஒரே இன்ஜின், ஒரே டயர், மூணு கியர்பாக்ஸுக்கு மூணு பதில். டயர் பக்கத்துல 33-ன்னு எழுதியிருந்தாலும் வண்டி எடை ஏறினதும் நிஜ உயரம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், டேப் வெச்சு அளந்து போடுங்க.

பாறைக்கு வருவோம். முதல் கியர் 3.83, டிரான்ஸ்ஃபர் கேஸ் (பவரை முன் பின் ஆக்ஸிலுக்கு பிரிக்கற பெட்டி) என்வி231 லோ 2.72, ஆக்ஸில் 3.07, மூணையும் பெருக்கினா 32. இதுதான் உங்க க்ரால் ரேஷியோ, அதாவது மெதுவான கியர்ல வீல் ஒரு சுத்துக்கு இன்ஜின் எத்தனை சுத்துங்கற கணக்கு, 33 டயர் போட்டதுல அது நிஜத்துல 27 ஆயிடுச்சு, கிளட்ச் நாறாம என்ன பண்ணும். 4.56 போட்டா 47.5. ஒப்பீட்டுக்கு, டிஜேக்கு அடுத்த தலைமுறை ரேங்லரான ஜேகே ரூபிகான் மேனுவல்ல 4.46 × 4.0 × 4.10, 73 வரும். ஆக்ஸில் கியரை மட்டும் மாத்தி அந்த 73-ஐ புடிக்க முடியாது, அதுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ்ல கை வைக்கணும். யூட்டாவுல மோவாப், கலிஃபோர்னியாவுல ரூபிகான் டிரெயில் மாதிரி எடங்களுக்கு அடிக்கடி போறவங்களுக்கு அது தனி விஷயம், இப்ப வேண்டாம்.

அப்ப ஏன் எல்லாரும் 5.13, 5.38-ன்னு போட்டுக்கக் கூடாதுன்னா, பல்லு எண்ணிப் பாருங்க. ஆக்ஸிலுக்குள்ள இருக்கற பெரிய பல் சக்கரம் கிரவுன், அதை சுத்தற சின்னது பினியன். 3.73-ங்கறது கிரவுன்ல 41 பல்லு, பினியன்ல 11. 4.10-ல பினியன் 10, 4.56-ல 9, 4.88 வந்தா 39-க்கு 8. கிரவுன் விட்டம் மாறாது, ஹவுசிங் அளவு அவ்வளவுதான், அதனால ரேஷியோ ஏற ஏற பினியன் தலை சின்னதாகிக்கிட்டே போகும், ஒரே நேரத்துல பிடிச்சிருக்கற பல்லும் கொறையும். டானா 30-ல கிரவுனே 7.2 இன்ச் தான், அதுல 4.56 நிம்மதியா ஓடும், 4.88-ம் 33-க்கு தாங்கும், அதுக்கு மேல லாக்கர் (ரெண்டு வீலையும் சேத்து சுத்த வெச்சு பூட்டற சாதனம்) போட்டு மிதிச்சா பல்லு போகும்.

இப்ப முக்கியமான எடம், பின்னாடி இருக்கற டானா 35. கிரவுன் 7.58 இன்ச், ஷாஃப்ட் 27 ஸ்பிலைன் (ஷாஃப்ட் முனையில வெட்டின வரிப்பல்லு), சி-கிளிப் வகை. சி-கிளிப்னா ஷாஃப்ட்ட உள்ள பிடிச்சு வெச்சிருக்கறது டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்கற ஒரு சின்ன கிளிப் மட்டும்தான், ஷாஃப்ட் முறிஞ்சா வீல் டயரோட சேந்து வெளிய நழுவி வந்துடும். டியூபும் மெலிசு. 33 டயர், 47 க்ரால் ரேஷியோ, மேல ஒரு லாக்கர், இந்த மூணும் சேந்தா அந்த ஷாஃப்ட் எவ்வளவு நாள் தாங்கும்னு யாராலயும் உத்தரவாதம் குடுக்க முடியாது. இதுக்கு கியர், கேரியர், பேரிங், கூலின்னு கொட்டறதை விட ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்ல வந்த 8.8 ஆக்ஸிலை பழைய வண்டி யார்டுல பாருங்க. 31 ஸ்பிலைன் ஷாஃப்ட், 8.8 இன்ச் கிரவுன், வீல் போல்ட் அமைப்பு உங்க ஜீப்போட அதே 5 × 4.5 இன்ச், அகலமும் ஏறக்குறைய ஒண்ணு, 1995-ல இருந்து 2001 வரைக்கும் வந்ததுல டிஸ்க் பிரேக்கே இருக்கு. அதுவும் சி-கிளிப் தான், ஆனா ஷாஃப்ட் தடிமன் வேற லெவல். வேலை என்னன்னா பழைய பிராக்கெட்டை வெட்டிட்டு ஜீப் பிராக்கெட்டை வெல்ட் பண்ணணும், பினியன் நடுவுல இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல இருக்கும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு அடாப்டர் வேணும், நீளமும் பாக்கணும். நல்ல வெல்டர் கிட்ட குடுங்க, டியூபும் நடு வார்ப்பும் சேர்ற எடத்தையும் சுத்தி வெல்ட் அடிச்சுடச் சொல்லுங்க, அங்க கம்பெனி பிளக் வெல்ட் மட்டும்தான் இருக்கும்.

கையில காசு இறுக்கமா இருக்குன்னா ஒரு வழி இருக்கு, இதை யாரும் எடுத்துச் சொல்றதில்ல. நாலு சிலிண்டர் 2.5 லிட்டர் மேனுவல் டிஜேல கம்பெனியே 4.10 குடுத்துச்சு. அந்த வண்டியோட டானா 30 முழு ஆக்ஸில், கூட 4.10 இருக்கற எக்ஸ்ப்ளோரர் 8.8, ரெண்டையும் யார்டுல புடிச்சா கியர் செட்டப்புங்கற வேலையே இல்ல, கம்பெனி செட் பண்ண பல்லு அப்படியே இருக்கும், சீல், பிரேக், ஜாயிண்ட் மட்டும் மாத்திட்டு மாட்டிடலாம். 2140 ஆர்பிஎம் உங்க மேனுவலுக்கு மோசமே இல்ல. காசும் இறுக்கம், 35 டயருக்கு போற எண்ணமும் இல்லன்னா நான் மனசார இதைத்தான் சொல்வேன். 35-க்கு போவீங்கன்னா 4.88, அதுக்கு முன்னாடி டானா 30-ஐயும் மறு யோசனை பண்ணணும்.

புது கியர் வாங்கறதா முடிவு பண்ணா அடுத்து கேரியர் பிரேக். கிரவுன் போல்ட் ஆகற கேரியரோட முகம் எவ்வளவு தள்ளி இருக்குங்கறது சீரிஸுக்கு சீரிஸ் மாறும், ஏன்னா பினியன் சின்னதானா கிரவுன் அதை நோக்கி நகரணும். டானா 30-ல 3.54 வரைக்கும் ஒரு கேரியர், 3.73-ல இருந்து மேல இன்னொண்ணு. டானா 35-ல 3.31 வரைக்கும், 3.54-ல இருந்து. டானா 44-ல 3.73 வரைக்கும், 3.92-ல இருந்து. டானா 60-ல 4.10 வரைக்கும், 4.56-ல இருந்து. ஃபோர்டு 8.8-லயும் 9 இன்ச்லயும் இந்தத் தொல்லை கிடையாது. உங்க முன் ஆக்ஸில் 3.07, அப்ப 4.56 கிரவுன் உங்க கேரியர்ல உக்காராது, புது கேரியர் வாங்கித்தான் ஆகணும். வாங்கறதே வாங்கறோம், காலி ஓப்பன் கேரியருக்கு ஏன் காசு, அந்த காசோட கொஞ்சம் சேத்து முழு கேஸ் லாக்கரா வாங்கிடுங்க. முன்னாடிக்கு ஏஆர்பி ஏர் லாக்கர் மாதிரி வேணும்போது மட்டும் பூட்டற வகை நல்லது, ஸ்டியரிங் இழுக்காது. ரோட்டுல நிறைய ஓடற வண்டிக்கு பின்னாடி டெட்ராய்ட் ட்ரூட்ராக் மாதிரி கியர் வகை எல்எஸ்டி (ஒரு வீல் மட்டும் வீணா சுத்தறதை குறைக்கற டிஃபரன்ஷியல்) ரொம்ப சாதுவா இருக்கும், ஆனா ஒரு வீல் அந்தரத்துல தூக்கிடுச்சுன்னா அது பிரேக்கை லேசா மிதிச்சாத்தான் வேலை செய்யும். ஓப்பன் கேரியருக்குள்ள ஸ்பைடர் கியருக்கு பதிலா போடற லஞ்ச்பாக்ஸ் லாக்கர் வாங்கறதுன்னா அதையும் உங்க கேரியர் சீரிஸ் பாத்துத்தான் ஆர்டர் பண்ணணும். சில ஆக்ஸிலுக்கு தடிச்ச கிரவுன் வரும், பழைய கேரியரை வெச்சே மேல் ரேஷியோ போட வழி செய்யும், டானா 44-க்கு அது சகஜம்.

ஆர்டர் போடும்போது இன்னொரு கண்ணி, ஹை பினியனா லோ பினியனான்னு, அதாவது பினியன் ஆக்ஸில் நடுக்கோட்டுக்கு மேலயா கீழயான்னு. 1999 வரைக்குமான பழைய செரோகி எக்ஸ்ஜேல வந்த டானா 30 ஹை பினியன், பல்லு எதிர்த் திசையில வெட்டினது. உங்க டிஜேல வர்றது லோ பினியன். ஒண்ணோட கியர் இன்னொண்ணுக்கு பொருந்தாது, “டானா 30 4.56”-ன்னு மட்டும் சொல்லி வாங்கினா பாதி வாய்ப்பு தப்பா வரும். பலத்துல ஹை பினியன் முன் ஆக்ஸிலுக்கு மேல், முன்னோக்கி போகும்போது பல்லோட பலமான முகத்துல சுமை விழும், லோ பினியனை முன்னாடி வெச்சா பலம் கம்மியான முகத்துல விழும். அதனாலதான் எக்ஸ்ஜே ஆக்ஸிலை தேடிப்பிடிச்சு டிஜேல மாட்டறாங்க, கொஞ்சம் வேலையோட மாட்டிடலாம். முன்னும் பின்னும் ரேஷியோ ஒண்ணா இருக்கணும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல, 4.10-ம் 4.09-ம் மாதிரி தசம வித்தியாசம் பரவாயில்ல, ஒண்ணுல 4.56 இன்னொண்ணுல 3.07 வெச்சுக்கிட்டு ஃபோர் வீல் போட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் போயிடும்.

ரீபில்ட் கிட். மாஸ்டர் கிட்டுன்னு கேளுங்க, மினி கிட் வேண்டாம். மினி கிட்ல ஷிம் (இடைவெளி சரி பண்ற மெல்லிசு தகடு), சீல், நட்டு மட்டும் இருக்கும், மாஸ்டர்லதான் பினியன் பேரிங் ரெண்டும், கேரியர் பேரிங் ரெண்டும், கப்போட வரும். உள்ள இருக்கற பேரிங் டிம்கனா, கோயோவான்னு பெட்டி திறந்து பாருங்க, பேரே இல்லாத பேரிங் போட்ட கிட் விலை கம்மியா இருக்கும், அந்த மிச்சம் திரும்ப ஹவுசிங்கை இறக்கற கூலிக்கு காணாது. கிரவுன் போல்ட் புதுசு, சிவப்பு த்ரெட் லாக்கரோட. கிரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங் ரெண்டுக்கும் நடுவுல நசுங்கற குழாய்) ரெண்டு வாங்கி வைங்க, ஏன்னு கீழ சொல்றேன். இந்த வேலையோட சேத்தே பண்ண வேண்டியது டானா 30-ல உள் ஆக்ஸில் சீல், அது டியூப் உள்பக்கம் டிஃபரன்ஷியல் கிட்ட இருக்கு, கேரியரை எடுத்தாத்தான் கை எட்டும், இப்ப விட்டா அடுத்த தடவை ஒழுகும்போது மொத்தத்தையும் திரும்ப பிரிக்கணும். முன் ஷாஃப்ட் யூ-ஜாயிண்ட்டுக்கு ஸ்பைசர் 760எக்ஸ், கிரீஸ் நிப்பிள் இல்லாத வகை, கிரீஸ் போக உள்ள துளை போடாததால அது பலமா இருக்கும். ஹப் பேரிங்கை கையால சுத்தி பாருங்க, கரகரன்னா மாத்துங்க. பால் ஜாயிண்ட் ஆடினா அதுவும் இப்பவே. ஷாஃப்ட்டெல்லாம் குரோமோலிக்கு (பலமான அலாய் ஸ்டீல்) மாத்தணும்னு இல்ல, 33 டயருக்கு லாக்கர் போட்டா யோசிக்கலாம்.

இனி செட்டப், என் கவலை முழுக்க இதுலதான். எவ்வளவு நல்ல கியர் வாங்கினாலும் ஊளை போடறதும் எரியறதும் உக்கார வெச்ச விதத்துலதான் இருக்கு. பினியன் டெப்த் (பினியன் எவ்வளவு உள்ள இருக்கு), பினியன் பிரீலோட் (பேரிங்கை எவ்வளவு இறுக்கியிருக்கு), பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி), கேரியர் பிரீலோட், நாலும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். பினியன் தலையிலயோ கிட் பேப்பர்லயோ +2, -3 மாதிரி குறி இருக்கும், பழைய பினியனோட குறிக்கும் புதுசோட குறிக்கும் உள்ள வித்தியாசத்தை பழைய ஷிம்ல கூட்டியோ கழிச்சோ ஆரம்பிக்கணும். அது ஆரம்பம்தான், தீர்ப்பு சொல்றது மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட். ரெண்டு மூணு பல்லுல தடவி, கிரவுனை லேசா பிடிச்சு சுமை குடுத்து சுத்தினா பல்லு தொடற எடம் தெரியும். தடம் பல்லோட நுனிப் பக்கம் ஏறி இருந்தா பினியன் ரொம்ப தூரத்துல இருக்கு, ஷிம் கூட்டி உள்ள தள்ளணும். அடிப்பக்கம் இறங்கி இருந்தா ரொம்ப உள்ள போயிடுச்சு, வெளிய எடுக்கணும். முதல்ல இந்த மேல் கீழ் கணக்கை முடிச்சுட்டு அப்புறம்தான் பேக்லாஷ்ல கை வைக்கணும், ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா என்ன நகர்ந்துச்சுன்னு தெரியாம சுத்திக்கிட்டே இருப்பீங்க. பேக்லாஷ் பொதுவா 0.15-ல இருந்து 0.25 மில்லிமீட்டர், கிட் பேப்பர்ல வேற போட்டிருந்தா அதுதான் சரி. டயல் கேஜை கிரவுனோட மூணு நாலு எடத்துல வெச்சு பாருங்க, எடத்துக்கு எடம் ரொம்ப மாறினா கிரவுன் கேரியர் மேல சரியா உக்காரல, நடுவுல ஏதோ பிசிறு இருக்கு.

இந்த மாதிரி பிரிச்சு மாட்டறது நிறைய தடவை நடக்கும், ஒவ்வொரு தடவையும் புது பேரிங்கை பிரஸ் பண்ணி இழுத்தா அதுவே வீணாயிடும். பழைய பேரிங்கோட உள் துளையை கொஞ்சம் தேச்சு கையால நழுவற மாதிரி செட்டப் பேரிங் பண்ணி வெச்சுக்கிட்டு, ஷிம் முடிவானதும் புது பேரிங்கை ஒரே தடவை அடிக்கணும். நல்ல டிஃபரன்ஷியல் மெக்கானிக்கை அடையாளம் பாக்க இது ஒண்ணு போதும், செட்டப் பேரிங் வெச்சிருக்கீங்களா, மாட்டினப்புறம் பேட்டர்ன் போட்டோ தருவீங்களான்னு கேளுங்க. தயங்காம காட்டறவர் கிட்ட குடுங்க.

பினியன் பிரீலோட் அளக்கறது இன்ச்-பவுண்ட் டார்க் ரெஞ்ச்சால, அதுவும் முள்ளு நகர்ற வகை, டிக்குன்னு சொடுக்கற வகை இதுக்கு ஆகாது. டிஜே டானா 30-க்கு புது பேரிங்னா 15-ல இருந்து 35 இன்ச்-பவுண்ட், கேரியரும் ஷாஃப்ட்டும் இல்லாம பினியன் மட்டும் சுத்தும்போது. கிரஷ் ஸ்லீவ் நசுங்க ஆரம்பிக்கவே பெரிய பலம் வேணும், ஆனா நசுங்க ஆரம்பிச்சதும் நட்டோட துளி திருப்புக்கு பிரீலோட் சட்டுனு ஏறிடும். அளவு தாண்டிடுச்சுன்னா நட்டை தளத்தி சரி பண்றேன்னு நினைக்காதீங்க, ஸ்லீவ் நசுங்கினது நசுங்கினதுதான், பிரிச்சு புது ஸ்லீவ். ரெண்டு வாங்கச் சொன்னது இதுக்குத்தான். ஹவுசிங் ஸ்ப்ரெட்டர் வெச்சு விரிக்கறதுன்னா அரை மில்லிமீட்டருக்கு மேல விரிக்கக் கூடாது, அப்புறம் அது திரும்பி வராது.

மாட்டியாச்சுன்னா உடனே டிரெயிலுக்கு ஓடாதீங்க. முதல் ஓட்டம் 15, 20 நிமிஷம், மிதமான வேகம், நிறுத்தி கை வெச்சா சுடாத அளவுக்கு முழுசா ஆறட்டும், இதையே இன்னும் ரெண்டு மூணு தடவை. முதல் 500 மைலுக்கு டிரெய்லர் இழுக்கறது, முழு மிதி மிதிக்கறது வேண்டாம், 500-ல ஆயில் மாத்திடுங்க. ஆயில் ஜிஎல்-5 தரம், 80டபிள்யூ-90 போதும், கிளட்ச் வகை எல்எஸ்டி இருந்தா மட்டும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர். வடிக்கும்போது காந்தத்துல சாம்பல் மாதிரி பசை ஒட்டியிருக்கும், அது சரி, விரல்ல நெருடற துண்டு வந்தா கவரை கழட்டி பாருங்க. ஆக்ஸிலரேட்டர் குடுத்தா மட்டுமோ, விட்டா மட்டுமோ ஒரு குறிப்பிட்ட வேகத்துல ஊளை வந்தா பினியன் டெப்த், எல்லா வேகத்துலயும் கரகரன்னு உருள்ற சத்தம்னா பேரிங், கியர் மாத்தும்போது டங்குன்னா பேக்லாஷ் இல்ல யூ-ஜாயிண்ட். புதுசுல சத்தம் வந்தா ஓடஓட செட் ஆயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கியர் சத்தம் தானா அடங்காது, அந்த வாரமே திருப்பிக் கொண்டு போங்க.

டிஃபரன்ஷியல் பிரீதர் ஹோஸை (ஆக்ஸில் மூச்சு விடற குழாய்) ரெண்டு ஆக்ஸில்லயும் இன்ஜின் பக்கம் வரைக்கும் நீட்டிடுங்க, சூடான ஆக்ஸில் தண்ணியில இறங்கினா உள்ள காத்து சுருங்கி சீல் வழியா தண்ணியை உறிஞ்சும், ஆயில் பால் மாதிரி ஆயிடும், புது பேரிங் அதுக்கு தாங்காது. அப்புறம் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி இருக்கற ஸ்பீடோமீட்டர் கியர், சின்ன பிளாஸ்டிக் கியர்தான், புது ரேஷியோவையும் அளந்த டயர் உயரத்தையும் சொல்லி அதுக்கான பல்லு எண்ணிக்கை உள்ளதை அதே ஆர்டர்ல சேத்து வாங்கிடுங்க. 8.8 கிடைச்சதும் டோர் ஸ்டிக்கர் கோடை மட்டும் நம்பாம கவரை கழட்டி பல்லு எண்ணிட்டு, என்ன ரேஷியோன்னு சொல்லுங்க, முன்னாடிக்கு எது வாங்கணும்னு அப்ப முடிவு பண்ணிக்கலாம்.